இரவல் வார்த்தைகள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஜெபக் கூட்டம். வீட்டுக்காரி பீடி சுற்றிப் பிழைக்கிறவள். ஆட்கள் வருகிறார்கள் என்று சுளகையும் இலையையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தாள். பாட்டு முடிந்தது, வேதம் வாசித்தாயிற்று. வீட்டுக்காரியே ஒரு வார்த்தை ஜெபிக்கட்டும் என்று நான்தான் வாயைத் திறந்தேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஜெபம் பண்ண வராது டீச்சர். நல்லா பண்ணுதவங்க யாராச்சும் பண்ணட்டும்" என்றாள். நன்றாகப் பண்ணுகிற ஒருவர் இருந்தார். குரல் உண்டு, மூச்சு உண்டு, வசனங்கள் வரிசையாக வந்து விழும். கால் மணி நேரத்துக்கு மேல் ஜெபித்தார். முடிந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்படியெல்லாம் நமக்கு எங்க வரப்போவுது" என்று என் காதோரம் சொன்னாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவளுக்கு 40 வயதுக்கு மேல் இருக்கும். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம் மூன்றும் ஒரே கோயிலில் நடந்தவள். ஞாயிறு ஆராதனை தவறாதவள். நினைவு தெரிந்த நாள் முதல் வாரந்தோறும் பரமண்டல ஜெபம் சொல்லி வருகிறவளுக்கு, தனக்கு ஜெபம் வராது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நாங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் வந்தது. 30 வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த எனக்கும் அதில் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் சபைகளில், கன்வென்ஷன் பந்தல்களில், வாலிபர் முகாம்களில், வாட்ஸ்அப் குழுக்களில் ஜெபத்தைப் பற்றி ஒரே போதனைதான் புழங்குகிறது. மெய்யான ஜெபம் அவரவர் உள்ளத்திலிருந்து அவரவர் வார்த்தையில் பொங்கி வர வேண்டும். பாராமல் சொல்வது உதட்டு ஜெபம், புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது செத்த ஜெபம். நேரம் கூடக் கூட வல்லமை கூடும். அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரமாவது முழங்காலில் நிற்காதவர் அரைக் கிறிஸ்தவர். கண்ணீர் வந்தால் ஜெபம் ஏறிற்று, வராவிட்டால் தடைப்பட்டது.

இந்தப் போதனை தவறு என்கிறேன். அன்றாட வாழ்க்கையிலிருந்து ஜெபத்தை வெளியே துரத்தியதே இதுதான் என்றும் சொல்கிறேன். ஜெபம் திறமையாகிவிட்டது. திறமை உள்ளவர் பண்ணுகிறார், இல்லாதவர் அவரைத் தேடிப் போகிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டிய தாய், போனை எடுத்து 'வல்லமையாக' ஜெபிக்கிற ஒருவரைக் கூப்பிடுகிறாள். மற்றவர்களிடம் ஜெபிக்கக் கேட்பது நல்லதுதான். தன் ஜெபம் கணக்கில் சேராது என்று நினைத்துக் கேட்பதுதான் என் மனதை அறுக்கிறது.

இந்தப் போதனைக்கு ஆதாரமாக எப்போதும் எடுத்துக் காட்டப்படுவது மத்தேயு 6ஆம் அதிகாரம். புறஜாதியாரைப் போல வார்த்தைகளைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இயேசு எச்சரிக்கிற இடம். மனப்பாட ஜெபத்துக்கு எதிரான கட்டளை என்று இதை மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. கொஞ்சம் தொடர்ந்து வாசிக்க வேண்டும். அதிகம் பேசினால் கேட்கப்படும் என்ற நினைப்பைத்தான் அவர் கண்டிக்கிறார். நீங்கள் வாய் திறக்கும் முன்பே உங்கள் தேவை பிதாவுக்குத் தெரியும் என்கிறார். அந்த மூச்சிலேயே பரமண்டல ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகச் சீஷர்கள் கையில் கொடுக்கிறார். நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் ஜெபம். மனப்பாடத்தைத் தடுக்க வந்தவர், மனப்பாடம் செய்ய இவ்வளவு வாகான ஒன்றை அடுத்த நொடியே கொடுத்திருப்பாரா? அவர் தடுத்தது நீளத்தை. நாம் நீளத்துக்கு மாலை போட்டுவிட்டு மனப்பாடத்தைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம்.

லூக்கா 11ஆம் அதிகாரத்தில் இதே ஜெபம் இன்னொரு விதமாக வருகிறது. யோவான் தன் சீஷர்களுக்குக் கற்றுக்கொடுத்ததுபோல எங்களுக்கும் ஜெபிக்கக் கற்றுத்தாரும் என்று ஒரு சீஷன் கேட்கிறான். அவர்கள் சங்கீதங்களோடு வளர்ந்த யூதர்கள். ஜெபமே அறியாதவர்கள் அல்லர். ஆனாலும் குருவின் வாயிலிருந்து தங்களுக்கென்று வார்த்தை கேட்டார்கள். உள்ளத்தைத் திறந்துவிடுங்கள், தானாக வரும் என்று அவர் சொல்லி அனுப்பவில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் 'டிடாக்கே' என்ற சபை ஒழுங்கு நூல், இந்த ஜெபத்தை நாளுக்கு 3 முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குக் கட்டளையிடுகிறது. ஆதிச் சபை, ஆதிச் சபை என்று ஏங்குகிறவர்கள் அதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயேசுவே எப்படி ஜெபித்தார்? கெத்செமனேயில் அவர் 3 முறை ஜெபித்தார். மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார் என்று மத்தேயு கவனமாகக் குறித்து வைத்திருக்கிறார். உயிர் போகிற வேதனையில் இருந்தவர் புது வார்த்தை தேடவில்லை. மறுநாள் சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். பிதாவின் கையில் ஆவியை ஒப்புக்கொடுத்தபோது சொன்னது 31ஆம் சங்கீதத்தின் ஒரு வரி. இரண்டும் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்டவை. தேவகுமாரனின் கடைசி ஜெபங்கள் இரவல் வார்த்தைகள். அவற்றை உதட்டு ஜெபம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

நேரத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் கர்மேல் மலைக்குப் போக வேண்டும். பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேர் காலைமுதல் மத்தியானம்வரை கூப்பிட்டார்கள், குதித்தார்கள், கத்தியால் கீறிக்கொண்டார்கள். எலியாவின் ஜெபம் 2 வசனங்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆலயத்தில் வரிகாரன் சொன்னது ஒரே வாக்கியம். கடலில் மூழ்கத் தொடங்கிய பேதுருவுக்கு அதற்கும் நேரம் இல்லை, இரண்டு மூன்று வார்த்தைதான். கை பிடித்துத் தூக்கப்பட்டான்.

இனி, சொந்த வார்த்தை என்று நாம் பெருமைப்படும் ஜெபங்களுக்கு வருகிறேன். ஒரு மாதம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அன்பும் இரக்கமும் நிறைந்த நல்ல தகப்பனே என்று தொடங்கும். இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம் வரும். இதுவரை கண்மணிபோலக் காத்துவந்தது வரும். விண்ணப்பங்கள் வரும். இயேசுவின் மூலம் ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே என்று முடியும். குமரி முதல் சென்னை வரை, அங்கிருந்து பிழைக்கப் போன வளைகுடா நாடுகள் வரை, தமிழ்ச் சபைகளில் இதே தொடக்கத்தையும் இதே முடிவையும் கேட்கலாம். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் எல்லோரும் கற்றுக்கொண்ட ஜெபம் இது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஜெபிக்கிற மனிதனுக்கு இரவல் வார்த்தை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம். புத்தகத்தை ஒதுக்கிய பிறகும் மனம் ஓர் அச்சைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.

என் கவலை, அப்படிப் பிடித்துக்கொண்ட அச்சு எவ்வளவு குறுகியது என்பதில்தான். என் வார்த்தையில் நான் ஜெபித்தால் என் மகன் வேலை, என் மகள் கல்யாணம், வீட்டுக் கடன், மூட்டு வலி என்று என்னைச் சுற்றியே வருகிறேன். பகைவனுக்காக ஜெபிக்க எனக்குத் தானாகத் தோன்றாது. யாரையோ மன்னிக்காமல் இருக்கிறேன் என்று தானாக நினைவு வராது. பரமண்டல ஜெபம் அதை நாள்தோறும் என் வாயாலேயே சொல்ல வைக்கிறது. பழைய ஜெபப் புத்தகத்தின் லித்தானியாவைச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரையிலும் கடலிலும் பயணம் செய்கிறவர்கள், பிரசவ வேதனைப்படும் பெண்கள், நோயாளிகள், சிறு பிள்ளைகள், சிறையில் இருப்பவர்கள், அநாதைகள், விதவைகள், நம்மைப் பகைக்கிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் வரிசையாக அழைத்து வரும். நான் பார்த்தே இராத பெண்ணின் பிரசவத்துக்காக என்னை மன்றாட வைத்தது அந்தச் 'செத்த' புத்தகம்தான்.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் தகப்பனார் கண்ணை மூடிக்கொண்டு, கடவுளிடம் பேசுவதுபோல மகனுக்குப் புத்தி சொல்கிறார். ஆண்டவரே, இவன் கெட்ட சிநேகிதத்தை விட கிருபை தாரும், போனைப் பார்ப்பதைக் குறைக்க உதவி செய்யும் என்று போகும். பிள்ளைக்குப் புரியாமலா இருக்கும்? மறுநாள் முதல் அந்த நேரத்துக்கு அவன் வீட்டில் இருக்க மாட்டான். அதே வீட்டில் ஒரு சங்கீதத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சொல்லிப் பரமண்டல ஜெபத்தோடு முடித்திருந்தால், தகப்பனும் மகனும் ஒரே வார்த்தைக்குக் கீழே நின்றிருப்பார்கள். ஒருவரை ஒருவர் குத்த அங்கே இடமில்லை.

அப்படியானால் எழுதிய ஜெபத்தின்மேல் இந்த வெறுப்பு எங்கிருந்து வந்தது? அப்போஸ்தலர் காலத்திலிருந்து வரவில்லை. அதன் பெரிய ஊற்று 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து. 1645இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் பொது ஜெபப் புத்தகத்தைத் தடை செய்தது. அரசன் திரும்பியபின் 1662இல் அதே புத்தகம் சட்டத்தின் பலத்தோடு திரும்பி வந்தது. அதை ஏற்க மறுத்து ஏறக்குறைய 2000 குருமார் தங்கள் சபைகளை இழந்தார்கள். அந்த நாட்களில் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தவர் ஜான் பனியன். உரிமமின்றிப் பிரசங்கித்ததற்காக 1660இல் அடைக்கப்பட்டு 12 ஆண்டுகள் அங்கே கழித்தவர். ஆவியோடு ஜெபிக்க வேண்டுமே தவிரப் புத்தகத்தோடு ஜெபிக்கக் கூடாது என்று சிறையிலிருந்தே கடுமையாக எழுதினார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அதற்குத் தலைவணங்குகிறேன். ஜெபிக்கும் விதத்தைச் சொல்லி ஒருவனைச் சிறையில் வைக்கும் அரசாங்கத்துக்கு எதிராக எழுந்த குரல் அது. ஆனால் எங்கள் தெருவில் யாரையும் யாரும் ஜெபப் புத்தகத்துக்காகச் சிறையில் வைக்கவில்லை. ஒரு காலத்துக் காயத்துக்குக் கட்டிய கட்டை, காயமே இல்லாத உடம்பில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறோம்.

பனியனின் மோட்சப் பிரயாணம் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குச் சொந்தப் புத்தகம் மாதிரி. அதைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். அந்தக் கதையில் மரண நிழலின் பள்ளத்தாக்கு வருகிற இடத்தை மறுபடி எடுத்து வாசியுங்கள். நரகத்தின் வாயோரத்தில் வாள் பயன்படாமல் போகிறது. கதைநாயகன் கிறிஸ்தியான் ஜெபம் என்னும் ஆயுதத்தை எடுக்கிறான். அப்போது அவன் கூப்பிடும் கூப்பாடு 116ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. அதன்பின் இருட்டில் பொல்லாத ஆவிகள் அவன் காதோரம் தூஷணம் கிசுகிசுக்கின்றன. அவை தன் மனதிலிருந்தே வருகின்றன என்று நம்பி அவன் உடைந்துபோகிறான். தன் குரல் எது, எதிரியின் குரல் எது என்று பிரித்தறிய அவனால் முடியவில்லை. அவனைத் தேற்றுவது, முன்னால் போகும் யாரோ ஒருவர் 23ஆம் சங்கீதத்தைச் சொல்லிக்கொண்டு நடக்கும் ஓசை. பனியனின் தர்க்கம் ஒன்றைச் சொல்லிற்று, அவருடைய கற்பனை இன்னொன்றை அறிந்திருந்தது. உள்ளத்தை மட்டும் நம்ப முடியாத இருட்டு உண்டு என்று அந்தச் சிறைக்கைதிக்குத் தெரியும். அங்கே தலைமுறைகள் சொல்லித் தேய்ந்த வார்த்தைதான் பிடிமானம்.

மனநோயில் தவித்தவர்கள் சிலரை அருகிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளத்திலிருந்து ஜெபியுங்கள் என்று அவர்களிடம் சொல்வது கொடுமை. உள்ளம்தானே அவர்களைத் துன்பப்படுத்துகிறது.

வேளைகளைப் பற்றிச் சொல்லாமல் அன்றாட ஜெபத்தைப் பற்றிப் பேச முடியாது. என் ஆச்சி பனங்காட்டு ஊர்க்காரி. தாத்தா விடியுமுன் பாளை சீவ ஏறுவார். ஆச்சி விடிலியில் பதநீர் காய்ச்சுவாள். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்க வேண்டும், பதம் தப்பாமல் துடுப்புப் போட வேண்டும், சிரட்டையில் ஊற்ற வேண்டும். நடுவில் எழுந்து முழங்காலில் நின்றால் அன்றைய கருப்பட்டி போயிற்று. சாயங்காலம் கோயில் மணி கேட்டதும் ஆச்சி இடத்தை விட்டு அசைய மாட்டாள். புகையில் கண் எரிய, கரிக் கையோடு, பரமண்டல ஜெபம் சொல்வாள். பிறகு இரவின் ஆபத்துகளிலிருந்து காக்கக் கேட்கும் அந்தச் சுருக்க ஜெபம். உபதேசியார் கோயிலில் அதே ஜெபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எல்லாம் பாராமல்தான். அவள் ஒருநாளும் எனக்கு ஜெபம் வராது என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லலாம் என்றே அவளுக்குத் தெரியாது.

பாராமல் கற்ற ஜெபம் எத்தனை காலம் தாங்கும் என்பதற்கு நம் கடற்கரை சாட்சி. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. விசுவாச அறிக்கையையும் கட்டளைகளையும் ஜெபங்களையும் உள்ளூரார் துணையோடு தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதை விவரிக்கிறார். பாஷை தெரியாதவர் ஒப்புவிக்க வைத்த ஜெபம், இதில் என்ன உள்ளம் இருக்கும் என்று இன்றைய போதகர் கேட்கக்கூடும். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துத் தங்கள் சபைக்கு இழுத்துப் பார்த்தார்கள். பரதவர் அசையவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் குருமார் கண்ணில் படாத காலத்திலும் கட்டுமரத்தில் போகிறவனுக்குத் தன்னோடு கொண்டுபோக ஜெபம் இருந்தது என்பதை நான் அவற்றில் முதலாவதாக வைப்பேன். கத்தோலிக்க வீடுகளில் இவற்றை மந்திரம் என்றே சொல்லும் வழக்கம் இருக்கிறது, பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம் என்று. அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளித்து வளர்ந்தவள் நான். வயதான பிறகு அது உறுத்தவில்லை.

தானியேல் கதையை எதிர்ப்பு வீரத்தின் கதையாகவே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ராஜாவைத் தவிர யாரிடமும் 30 நாள் எந்த விண்ணப்பமும் செய்யக் கூடாது என்று சட்டம் வந்ததும் தானியேல் சிறப்பு உபவாச ஜெபம் எதையும் தொடங்கவில்லை. வழக்கம்போல வீட்டுக்குப் போனார். வழக்கமான ஜன்னல், வழக்கமான 3 வேளை. சிங்கத்தின் முன் அவரை நிறுத்தியது அந்த வழக்கம்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. வாய் பழகிவிட்டால் மனம் வேறெங்கோ போகாதா? ஏசாயா தீர்க்கதரிசியே, உதடு கிட்டே வந்து இருதயம் தூரத்தில் நிற்பதைக் கண்டித்தாரே? உண்மை. என் மனம் எத்தனையோ முறை பொதுப் பாவ அறிக்கையின் நடுவில் அடுப்படிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. ஆனால் ஏசாயாவின் கண்டனம் சொந்த வார்த்தைக்காரருக்கும் சேர்த்துத்தான். தானாகக் கோத்த ஜெபத்திலும் மனம் அலையும், அடுத்து எந்த வசனம் சொல்லலாம், கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. பாராமல் சொல்கிறவளுக்கு அந்தப் பாரமாவது இல்லை. மனம் போய்த் திரும்பினாலும் ஜெபம் அவளுக்காக அங்கேயே காத்திருக்கிறது. உணர்ச்சி வராத நாளில் ஜெபம் பொய் என்று சொல்வது, பசி இல்லாத நாளில் தாய் பொங்கிய சோறு பொய் என்பது போன்றது.

ஜெர்மனியின் டீட்ரிக் போன்ஹோஃபர் 1940இல் சங்கீதங்களைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். இருதயம் தானாக ஜெபித்துவிடும் என்பது கிறிஸ்தவர்களிடையே பரவிய ஆபத்தான தவறு என்று அதில் வாதிட்டார். விரும்புவதும் புலம்புவதும் பெருமூச்சு விடுவதும் இருதயத்துக்குத் தானாக வரும். ஜெபத்தைக் கிறிஸ்துவிடமிருந்து கற்க வேண்டும், குழந்தை பேச்சைக் கற்பதுபோல. 1943இல் அவரையே ஹிட்லரின் ஆட்சி சிறையில் அடைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் டெகல் சிறையின் கைதிகளுக்காக ஜெபங்களை எழுதிக் கொடுத்தார். குண்டுகள் விழும் நகரத்தில் பூட்டிய அறைக்குள் நடுங்கும் மனிதர்களிடம் உங்கள் சொந்த வார்த்தையில் பண்ணுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

எழுதிய ஜெபம் வேலியாகிவிடும் என்ற பயத்துக்கு லூத்தர் நல்ல பதில் வைத்திருக்கிறார். விட்டன்பெர்க்கில் அவருக்குச் சவரம் செய்தவர் பேதுரு என்ற ஒருவர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு 1535இல் லூத்தர் எழுதியது சின்னஞ்சிறு புத்தகமாகவே வந்தது. காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும், இதை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம் என்று மட்டும் தள்ளாதே என்கிறார். பரமண்டல ஜெபம், பத்துக் கட்டளை, விசுவாச அறிக்கை ஆகியவற்றைச் சொல்லிப் போ. நடுவில் ஏதோ ஒரு வரியில் உள்ளம் பற்றிக்கொண்டால் மற்றதை விட்டுவிட்டு அதன் பின்னே போ என்கிறார். சவரக் கத்தி பிடித்தவன் கண்ணை அங்கே இங்கே விட்டால் வாடிக்கையாளரின் மூக்கோ தொண்டையோ போய்விடும், ஜெபத்துக்கும் அந்தக் கவனம் வேண்டும் என்று அவர் தொழிலை வைத்தே சொல்கிறார். சுள்ளி அடுக்கினால்தானே தீப்பிடிக்கும்? பொங்கி வரும் ஜெபத்துக்கு நான் எதிரியல்ல. அது பொங்க அடுப்பு வேண்டும் என்கிறேன். அந்தப் பேதுரு ஞானி அல்ல. அதே ஆண்டில் ஒரு விருந்தில் தன் மருமகனையே குத்திக் கொன்று நாடு கடத்தப்பட்டார். பரிசுத்தவான்களுக்காக அல்ல, அப்படிப்பட்ட சாதாரண, தவறக்கூடிய மனிதருக்காகத்தான் லூத்தர் அதை எழுதினார்.

இடைவிடாமல் ஜெபியுங்கள் என்று பவுல் சொன்னதற்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். 410இல் ரோம் சூறையாடப்பட்டபின் ஆப்பிரிக்காவுக்குத் தப்பி வந்த புரோபா என்ற விதவை, எப்படி ஜெபிப்பது என்று அகுஸ்தீனிடம் கேட்டார். எகிப்தின் துறவிகள் அடிக்கடி ஜெபிக்கிறார்கள், ஆனால் அம்பு எய்வதுபோல மிகச் சுருக்கமாக என்று அவர் பதில் எழுதினார். வார்த்தை மிகுவது வேறு, ஜெபம் மிகுவது வேறு என்று பிரித்தும் காட்டினார். நாம் சரியாக ஜெபித்தால், பரமண்டல ஜெபத்தில் இல்லாத எதையும் கேட்க மாட்டோம் என்பது அவர் முடிவு. நெகேமியாவிடம் பாரசீக ராஜா, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே நெகேமியா ஜெபித்துவிடுகிறார். ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் 4 மாத மன்றாட்டு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நீண்ட ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. இயேசு இராமுழுவதும் மலையில் ஜெபித்தவர். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனின் நாட்களில் எழுந்த எழுப்புதலில், வாய் மூடிக் கிடந்த எளிய சபையார் வாய் திறந்தார்கள். அது பெரிய கொடை. எளியவர் வாயைத் திறந்த அதே வழக்கம், இன்று அளவுகோலாகி எளியவர் வாயை அடைக்கிறதே என்பதுதான் என் துக்கம்.

மறுகோடியில் வேறொரு கூட்டம், என் வேலையே எனக்கு ஜெபம், தனியாக வேளை எதற்கு என்கிறது. பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் கடவுளின் சமுகத்தில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸை அவர்கள் துணைக்கு அழைப்பார்கள். 1691இல் மறைந்த அந்தச் சமையல்காரர், மணியடித்து ஜெபவேளைகளை அறிவிக்கும் ஒரு வீட்டில் ஆயுளைக் கழித்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள். வேளைகள் இருந்த வீட்டில்தான் வேளைக்கும் வேலைக்கும் வேற்றுமை மறைந்தது.

எங்கள் சேகரத்துக்கு நான் கேட்கப்போவது பெரிதல்ல. நின்றுபோன சாயங்கால மணி மறுபடி அடிக்கட்டும். திடப்படுத்தல் வகுப்பில் பிள்ளைகள் 10 சங்கீதங்களையும் காலை மாலைச் சுருக்க ஜெபங்களையும் பாராமல் படிக்கட்டும். வீட்டு ஜெபக் கூட்டத்தில் வீட்டுக்காரர் பரமண்டல ஜெபம் சொன்னால் அதுவே அந்த வீட்டின் ஜெபமாக இருக்கட்டும், அதற்குமேல் இன்னொருவர் எழுந்து 'நல்லா' பண்ண வேண்டாம்.

முந்தாநாள் பீடி சுற்றும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பீடிக் கடையில் ஒப்படைக்க வேண்டிய கணக்கு பாக்கி இருந்ததால், சுளகு மடியில், கை நிற்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பரமண்டல ஜெபம் ஒரு தடவை சொல்லு, அது போதும் என்றேன். அதுதான் எனக்குத் தெரியுமே என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். நூலைச் சுற்றி முடித்துவிட்டு, "எந்திரிச்சுக் கை கழுவ நேரம் இருக்காது டீச்சர். தூள் கையோடயா?" என்று கேட்டாள்.

"தூள் கையோடதான்" என்றேன்.